நடுப்பெயர்

மானிப்பாய் ஆசுபத்திரிக்கு இரத்தம் சோதிக்க வந்த
ஹெர்த்தா பிரேங்கலுக்கு
பிறந்த ஊரில் ஒரு பெயர்தான்.
கடவுச்சீட்டில் இரண்டு.
இரண்டாவது சாரா.
தாய் தகப்பன் வைத்ததல்ல.
யூதப் பெண்கள் எல்லோருக்கும்
ஒரே சட்டம் ஒரே நாளில் வைத்தது.

எங்களுக்கு இது தெரியாது.
வேதக்கார வீடுகளில் நாலைந்து சாரா இருந்தார்கள்,
ஒருத்தி என் வாங்கிலேயே மூக்கு வடிய இருந்தாள்.
ஹெர்த்தா வாயில் நுழையவில்லை.
கந்தோரில் கடவுச்சீட்டைப் பார்த்த யாரோ சொல்ல
'சாரா மிஸ்' என்று கூப்பிட்டோம்,
அன்பாகத்தான்.
அன்றைக்கு அவள் கையிலிருந்த கண்ணாடித் தகடு
விழுந்து நொறுங்கியது.

பிறகு சண்டை.
சீட்டு ஜெர்மன் சீட்டு. ஆகவே எதிரி.
அடித்துத் துரத்தியவர்களின் ஆள் என்று
கச்சேரிக்கு வந்து பதியச் சொன்னார்கள்.

படிவம் நிரப்பிய கிளாக்கர் விசுவலிங்கம் என் ஐயா.
கந்தோர்ப் பென்சில் ஒன்று சட்டைப்பையில் வந்துவிட்டால்
அதற்காகத் திரும்ப நாலு மைல் சைக்கிள் மிதிப்பவர்.
"நடுப்பெயர்?"
"அது என்ரை இல்லை."
ஐயா சீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்,
மைப்போத்தலைச் சரித்தார்.
பெரியவருக்குச் சொன்னது:
"கை தட்டுப்பட்டுப் போச்சு, சேர்."

வெள்ளி பின்னேரம் அவள் இரண்டு மெழுகுதிரி கொளுத்துவாள்.
ஏனென்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை.
வெள்ளிக்கிழமை விளக்கு வைக்காத வீடு
இங்கே எது?

தாயிடமிருந்து செஞ்சிலுவைக் கடிதம் வரும்.
இருபத்தைந்து சொல்லுக்கு மேல் எழுதக்கூடாது.
கடைசியாக வந்ததில் ஆறு சொல்:
சுகம். பயணம் போகிறோம். கம்பளி எடுத்துவிட்டேன்.
மிச்சப் பத்தொன்பதையும்
அவள் கன நாள் தேடிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் அம்மாவைக் கேட்டாள்,
"நீங்கள் வெளிக்கிடேக்கை
ஏன் 'போட்டு வாறன்' எண்டு சொல்லுறியள்?"
"போறன் எண்டு சொல்லக்கூடாது, பிள்ளை."
அவள் கடிதத்தை எடுத்து
அந்த ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தாள்.

நாற்பத்தேழில் அவுஸ்திரேலியாவுக்குக் கடதாசி சரிவந்தது.
பிறந்த ஊர் அதற்குள் வேறு நாட்டுக்குப் போய்
வேறு பெயரும் எடுத்துவிட்டது.
அதைப் பொறுத்துக்கொண்டார்கள்.
பொறுக்க முடியாதது ஐயாவின் மைக்கறை:
சீட்டில் இருப்பவளும் பதிவில் இருப்பவளும்
ஒருத்திதான் என்பதற்கு என்ன அத்தாட்சி?

பேனையை வாங்கி, ஐயாவின் மேசையிலேயே,
அவள் தன் கையால் எழுதினாள்: சாரா.
அன்றைக்கு ஐயா சோறு தொடவில்லை.
"ஒரு சொல்லுத்தானே," என்றாள்,
"கப்பலிலை ஏறினவுடனை கழுவிப்போடுவன்."
யாழ்ப்பாண ஸ்டேசனில் அம்மா காத்து நின்றாள்
'வாறன்' என்று சொல்லுவாள் என்று.
அவள் சொன்னது 'போறன்'.
தமிழ் பிழைத்ததா, தெரிந்துதான் சொன்னாளா,
எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

தொண்ணூற்றைந்து ஐப்பசி இரவு,
செம்மணி வீதியில் ஊர் முழுக்கத் தலைகள்.
மழை.
குடையைக் கவிழ்த்துப் பிடித்துக்
குடிக்கத் தண்ணீர் ஏந்தினோம்.
பூட்டிய வீடுகளுக்குப்
போட்டு வாறம் என்று சொன்னோமா, ஞாபகமில்லை.
அறுபத்துநாலு வயதில்
எனக்கு அவளுடைய பெட்டிதான் ஞாபகம் வந்தது.
எட்டு வருடத்தில் ஒருநாளும்
அவள் அதன் அடித்தட்டை வெளியே எடுக்கவில்லை.

கொடிகாமத்துப் பள்ளிக்கூடத்தில் பெயர் பதிந்தார்கள்.
பதிகிற பெடியன் இரண்டு நாளாய் நித்திரையில்லை.
கமலாசனியைக் கமலா என்று எழுதினான்.
"தம்பி, வெட்டிப்போட்டு முழுசா எழுது."
"நிவாரணத்துக்கு இது காணும், அம்மா."
"எழுது."
பின்னால் நின்ற சனம் ஏசியது,
ஒரு குழந்தை கத்தியது,
கூரையில் ஒழுகிய தண்ணீர் பதிவேட்டில் விழ
எழுத்துகள் ஊறிப் பரந்தன.
நான் நகரவில்லை.